அரைப்புள்ளிக்கு அடியில் ஒரு சுண்டிக்குளிக்காரர்

எங்கட குழுவில் இப்ப மூன்று பேருக்கு மெக்கானிக்கல் கீபோர்ட் பைத்தியம் பிடித்திருக்கிறது. ஒருத்தர் மதியச் சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடித்து சுவிட்ச் வாங்குகிறார். இன்னொருத்தர் தன்ர கீபோர்ட் போடுகிற சத்தத்தைப் போனில் பதிந்து இரவு பன்னிரண்டு மணிக்குக் குரூப்பில் போடுகிறார். மூன்றாமவர் இரண்டையும் செய்கிறார். கூட்டம் கூடினால் நீலமா, பழுப்பா, சிவப்பா என்ற கதைதான். புத்தக விமர்சனம் எழுத வேண்டியவர்கள் சுவிட்ச் விமர்சனம் எழுதிக்கொண்டு இருக்கிறோம்.

இந்தக் கதைக்குள் ஒரு நாள் ஒரு நல்ல கேள்வி விழுந்தது. யூடியூப்பில் வருகிற விமர்சனங்கள் எல்லாம் இங்கிலிஷ் அடிக்கிற விரலுக்காகச் சொல்லப்படுபவை. எங்கட எழுத்தில் பாதிக்கு மேல் தமிழ். தமிழ் அடிக்கிற விரலுக்கு எந்தக் கீபோர்ட் நல்லம்? சுவிட்ச் பற்றிக் கேட்ட கேள்விதான். ஆனால் பதில் தேடப் போனால் ஜெர்மனி, சிங்கப்பூர், யாழ்ப்பாணம், கொட்டாஞ்சேனை என்று நாலு இடம் சுற்ற வேண்டியிருந்தது. அந்தச் சுற்றின் கதை இது.

முதலில், மெக்கானிக்கல் என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கு ஒரு பந்தி. கடையில் சாதாரணமாகக் கிடைக்கிற கீபோர்டில் எல்லா விசைகளுக்கும் அடியில் ஒரே ரப்பர் விரிப்பு இருக்கும். அழுத்தினால் ரப்பர் குமிழ் மடிந்து கீழே மின்தொடர்பை உண்டாக்கும். நாள் போகப் போக ரப்பர் களைத்துவிடும். மெக்கானிக்கலில் ஒவ்வொரு விசைக்கும் தனித்தனி சுவிட்ச், அதற்குள் ஒரு ஸ்பிரிங். செர்ரி கம்பனி 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் சுவிட்ச்தான் இன்றைக்கும் அளவுகோல். விசை 4 மில்லிமீற்றர் இறங்கும், ஏறக்குறைய 2 மில்லிமீற்றரிலேயே எழுத்து விழுந்துவிடும். நீலம் சொடுக்கும், பழுப்பு நடுவில் ஒரு சின்ன மேட்டைக் காட்டும், சிவப்பு வழுக்கிக்கொண்டு இறங்கும். செர்ரியின் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு கேட்டரோன், கைல், அவுட்டெமு என்று சீனக் கம்பனிகள் அதே வடிவில் செய்யத் தொடங்கின. எங்களைப் போன்ற மாணவர்களின் கைக்கு எட்டியது அதனால்தான். எட்டியது என்று சொன்னாலும், 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரைக்கும் ஏறினபோது ஒரு தடவை கையை விட்டுப் போகவும் செய்தது.

இனி வரலாற்றுக்கு வருவோம். நாங்கள் எல்லோரும் விரல் வைக்கிற இந்தக் குவெர்ட்டி அடுக்கு, அமெரிக்காவில் மில்வோக்கி நகரத்துப் பத்திரிகைக்காரர் கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸும் அவருடைய கூட்டாளிகளும் செய்த ரைப்ரைட்டரில் இருந்து வந்தது. அதை 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது ரெமிங்டன். துப்பாக்கியும் தையல் மெஷினும் செய்த கம்பனி அது. 26 எழுத்துக்காரர்களுக்கு அந்த இயந்திரத்தில் இடம் தாராளம். ஒரு ரைப்ரைட்டரில் நாற்பத்திச் சொச்சம் விசை, ஷிப்டையும் சேர்த்தால் தொண்ணூறு சொச்சம் எழுத்து. இலக்கம், நிறுத்தக்குறி எல்லாவற்றையும் போட்டாலும் மிச்சம் இருக்கும்.

தமிழுக்கு 247. இலக்கமும் கிரந்தமும் வேறு.

இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான் ஆர். முத்தையா. 1886இல் யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தவர். 1907இல், அந்தக் காலத்து யாழ்ப்பாண இளைஞர்கள் கனபேரைப் போல, மலாயாவுக்குக் கப்பல் ஏறினார். பிறகு சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் வேலை பார்த்துத் தலைமை லிகிதராக உயர்ந்தார். பகல் முழுக்க இங்கிலிஷ் ரைப்ரைட்டர் சத்தத்துக்குள் இருந்த மனிதர். அவர் பொறியியலாளரும் இல்லை, மொழியியல் பேராசிரியரும் இல்லை, ஒரு லிகிதர். எங்களுக்கு இந்த இடம்தான் பிடித்தது. இயந்திரத்தைத் தினமும் தொடுகிறவருக்குத்தான் அது எங்கே தன் மொழியைத் தள்ளி வைக்கிறது என்பது விரலில் தெரியும்.

அவர் செய்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் எங்கட கீபோர்டுக்குள் இன்னும் அதுதான் இருக்கிறது. 247 எழுத்தையும் தனித்தனியாக விசையில் வைக்க முடியாது. தமிழ் எழுத்தில் கன இடத்தில் உருவம் பிரிந்து நிற்கிறது: கா என்பது கவும் காலும், கெ என்பது கொம்பும் கவும், கொ என்பது கொம்பும் கவும் காலும். இவற்றைத் துண்டுகளாக வைத்தால் போதும். கு, து, மு, பு மாதிரி உகரம் சேரும்போது உருவமே மாறுகிற எழுத்துகளைத் துண்டுபோட முடியாது. அவற்றை ஷிப்டில் வைக்க வேண்டியதுதான். சாதாரணமாக அடித்தால் க, ஷிப்டோடு அடித்தால் கு. சாதாரணமாக த, ஷிப்டோடு து.

மிச்சம் இருந்த தலையிடி, மேலே ஏறுகிற உறுப்புகள். க் என்பதில் புள்ளி எழுத்தின் தலையில் இருக்கிறது. கி என்பதில் விசிறி எழுத்தோடு ஒட்டிக்கொண்டு மேலே வளைகிறது. ரைப்ரைட்டரில் ஒரு விசையை அடித்ததும் தாள் சுற்றிய உருளை ஓர் எழுத்து தூரம் நகர்ந்துவிடும். பிறகு எப்படி அதே இடத்தில் புள்ளி வைப்பது? அதற்குத்தான் நகரா விசை. புள்ளியை அடித்தால் அது தாளில் விழும், ஆனால் உருளை நகராது. அடுத்து க அடித்தால் அது அந்தப் புள்ளிக்குக் கீழே போய் உட்காரும், அப்போதுதான் உருளை நகரும். ஆகவே பழைய ரைப்ரைட்டரில் க் அடிக்கிறவர் முதலில் புள்ளி வைத்துவிட்டுத்தான் எழுத்துக்கு வருவார். கையால் எழுதும்போது நாங்கள் எழுத்தை எழுதிவிட்டுப் புள்ளி வைக்கிறோம். இயந்திரத்துக்காக ஒரு தலைமுறையே அதை மறுபக்கமாகப் பழகிக்கொண்டது.

முத்தையாவின் தமிழ் ரைப்ரைட்டர்களைச் செய்து கொடுத்தது ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் இருந்த சைடல் அன்ட் நௌமன் கம்பனி. எரிகா, ஐடியல், பிஜூ என்ற பெயர்களில் ரைப்ரைட்டர் விற்ற கம்பனி. தமிழ் பிஜூ அந்த வழியில் வந்தது. சைடல் அன்ட் நௌமனும் தையல் மெஷின் செய்த வீடுதான். தையலுக்கும் தட்டச்சுக்கும் அப்படி என்ன உறவோ தெரியாது, இன்றைக்கும் கொழும்பில் சிங்கர் ஷோரூமுக்குப் போனால் தையல் மெஷினும் லெப்டொப்பும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு. நாங்கள் ரைப்ரைட்டர் என்று எழுதுகிறதைப் பார்த்து இந்தியாவில் இருந்து வாசிக்கிற நண்பர்கள் சிரிக்கக்கூடும். யாழ்ப்பாண வழக்கில் அந்த எழுத்து ர. ரைப், ரீ, ரிக்கற். எங்கட வயதுக்காரர் டைப் என்று எழுதத் தொடங்கிவிட்டோம். ஆனால் பழைய இயந்திரத்துக்கு மட்டும் பழைய உச்சரிப்பையே விட்டுவைத்தோம். அதன் உரிமை அது.

முத்தையாவின் விசைப்பலகை அப்படியே நிற்கவில்லை. வேறு கம்பனிகள் வந்தன, சில எழுத்துகள் இடம் மாறின, தமிழ்நாட்டில் தட்டச்சுப் பரீட்சைகளோடு ஒரு தனி மரபு வளர்ந்தது. ஆனாலும் எலும்புக்கூடு மாறவில்லை. நடு வரிசையில் இடது கைக்கு ய, ள, ன, க, ப. வலது கைக்கு கால், த, ம, ட. தமிழில் அதிகம் வருகிற எழுத்துகள் விரல் ஓய்வாக இருக்கிற இடத்தில். குவெர்ட்டியின் நடு வரிசையில், இங்கிலிஷில் அதிகம் வராத ஜேயும் கேயும் வலது கையின் பலமான இரண்டு விரல்களுக்கு அடியில் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. அதே இடத்தில் தமிழில் இருப்பவை தவும் மவும். இந்த ஒரு விடயத்தில் எங்கட விசைப்பலகை அவர்களுடையதைவிடக் கெட்டித்தனமானது என்று நாங்கள் சண்டை பிடிக்கத் தயார்.

இனிக் கொட்டாஞ்சேனை. கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் இருந்து ஜம்பட்டா வீதி வழியாக மேலே நடந்தால், வெள்ளவத்தை காலி வீதியில் இருப்பது மாதிரியே, போட்டோக் கொப்பியும் தட்டச்சும் செய்கிற சின்னக் கடைகள் வரும். இந்த இரண்டு ஊரிலும் தமிழ் எழுத்து வாழ்ந்த இடம் அதுதான் என்று சொல்லலாம். கலியாணக் காட், மரண அறிவித்தல், முப்பத்தோராம் நாள் நினைவு மலர், கோவில் திருவிழா நோட்டீஸ், பிள்ளையின் பாடசாலை அனுமதிக்கு ஒரு கடிதம், வெளிநாட்டில் இருக்கிற மகனுக்கு அனுப்ப ஒரு சத்தியக் கடதாசி. வீரகேசரி அடிக்கிற கிராண்ட்பாஸ் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் தன் வீட்டுச் சாவை அறிவிக்க வருகிறவர் முதலில் ஏறுகிற படி இந்தக் கடையின் படிதான்.

அப்படி ஒரு கடையில் ஓர் அக்கா இருக்கிறார். அக்கா என்று கூப்பிட்டாலும் எங்கட அம்மாக்களைவிட வயது கூட. ஓலெவல் எழுதிவிட்டு ரிசல்ட் வரும் வரைக்கும் சும்மா இருக்கக்கூடாது என்று வீட்டில் ரைப்பிங் வகுப்புக்கு அனுப்பினார்களாம். அந்த இடைவெளியில் ரைப்பிங்கும் சுருக்கெழுத்தும் படித்த பெண்கள் எத்தனை பேர் என்று உங்கட வீடுகளிலேயே கேட்டுப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். அக்கா திரையைப் பார்ப்பதில்லை, கீபோர்டையும் பார்ப்பதில்லை. எங்கட கையெழுத்துத் தாளை மட்டும் பார்க்கிறார். பத்து நிமிடத்தில் இரண்டு பக்கம் முடிந்துவிடும். எங்களில் ஒருவர் தன் நீலச் சுவிட்ச் கீபோர்டைப் பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டியபோது இரண்டு வரி அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இந்தச் சத்தத்துக்கா இவ்வளவு காசு? எங்கட காலத்தில இது சும்மா வந்தது."

அக்கா அடிப்பது பாமினி. இங்கே பாமினி என்றால் எழுத்துருவின் பெயரும் அதுதான், விசைப்பலகையின் பெயரும் அதுதான். 1990களில் விண்டோஸ் கணினி வந்தபோது அதற்குத் தமிழ் தெரியாது. ஆகவே இங்கிலிஷ் எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்து எழுத்துரு செய்தார்கள். எந்த இங்கிலிஷ் எழுத்துக்கு எந்தத் தமிழ் உருவம் என்ற கேள்விக்குப் பதில் ஏற்கெனவே ரைப்ரைட்டரில் இருந்தது. நடு வரிசை அப்படியே வந்தது: ஏக்கு ய, எஸ்சுக்கு ள, டிக்கு ன, எப்புக்கு க. புள்ளி அரைப்புள்ளி விசைக்குப் போனது. ஒரு மாற்றம், கணினியில் உருளை நகர்கிற பிரச்சினை இல்லை என்பதால் புள்ளியை எழுத்துக்குப் பிறகே அடிக்கலாம். கை மறுபடி இயல்புக்கு வந்தது.

அந்த எழுத்துரு இல்லாத கணினியில் பாமினிக் கோப்பைத் திறந்தால் தமிழ் என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று தெரியும். எங்கட வயதுக்காரர் கனபேர் முதன்முதல் வெளிநாட்டு மாமாவின் ஈமெயிலில் பார்த்தது இந்தக் கிறுக்கலைத்தான். அதைப் பார்த்தவுடனேயே வாசிக்கக்கூடியவர்களும் இருக்கிறார்கள். அக்கா வாசிப்பார். ஒருங்குறி பரவிய பிறகு சுரதாவின் மாற்றி போன்றவை வந்து பழைய கோப்புகளைக் காப்பாற்றின. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005இல் தொடங்கிய நூலகமும் இன்றைக்கு எங்களுக்கு மின்நூல் தருகின்றன என்றால், ஆரம்ப காலத்தில் அந்தப் பக்கங்களை ஒவ்வொரு விசையாக அடித்த தன்னார்வலர்களின் விரல்தான் காரணம். ஒரு மொழி இணையத்துக்கு வந்தது என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அதை யாரோ இருந்து அடித்திருக்கிறார்கள்.

இதற்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், நேரடியான தொடர்பு. 1956இன் 33ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழி ஆக்கியது. சட்டத்தைப் பற்றிக் கதைக்கும்போது பாராளுமன்றத்தைப் பற்றித்தான் கதைக்கிறோம். ஆனால் ஒரு கந்தோரில் அந்தச் சட்டம் எப்படி இருந்திருக்கும்? மேசையில் என்ன ரைப்ரைட்டர் இருக்கிறது, அதை அடிக்க யாருக்குச் சம்பளம் என்பதுதான் அங்கே சட்டம். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழும் ஓர் அரச கரும மொழி என்றது. 2008இல் எஸ்எல்எஸ் 1326 என்ற இலங்கைத் தர நிர்ணயம் தமிழ்க் கணினிக்கு வந்தது. விசைப்பலகைக்கு அதில் எடுத்துக்கொண்டது ரெங்கநாதன் அடுக்கு, அதுவும் ரைப்ரைட்டர் வழி வந்த குடும்பம்தான். சிங்களத்துக்கு விஜேசேகர அடுக்கு இருப்பது மாதிரி எங்களுக்கும் ஒரு தரம் இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் சரி.

போன வருடம் எங்களில் ஒருவர் குடும்ப விடயமாக ஒரு கந்தோருக்குப் போனார். பெயர் வேண்டாம். தமிழில் ஒரு கடிதம் தர முடியுமா என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்: "தமிழ் டைப் பண்ண ஆள் இல்லை, வெளியில அடிச்சுக்கொண்டு வாங்கோ, சீல் வைச்சுத் தாறம்." மேசையில் இருந்த கணினி புதுசு. தமிழ் எழுத்துரு, தமிழ் விசைப்பலகை எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். விரல்தான் இல்லை. அரசாங்கத்தின் கடிதத்தை அரசாங்கத்துக்காக அடித்துக் கொடுத்தது கொட்டாஞ்சேனை அக்காதான், ஒரு பக்கத்துக்கு இவ்வளவு என்று நாங்கள் காசு கொடுத்து. இந்த அக்காமார் கடையை மூடிவிட்டு வீட்டில் இருக்கப் போகிற காலம் தூரத்தில் இல்லை. அவர்களுக்குப் பிறகு கண்ணை மூடிக்கொண்டு தமிழ் அடிக்கிறவர் யார்? எங்கட குழுவில் பதினொரு பேர். அதில் போனில் இங்கிலிஷ் எழுத்தால் தமிழ் அடிப்பவர்கள் ஒன்பது பேர். மெக்கானிக்கல் கீபோர்ட் வைத்திருக்கிற மூன்று பேரும் அந்த ஒன்பதுக்குள்.

இங்கிலிஷ் எழுத்தால் அடிப்பது குற்றம் இல்லை. ஆனால் கணக்குப் பார்த்தோம். கொச்சிக்கடை என்ற சொல்லை எடுத்தோம். கொச்சிக்கடையை நாங்கள் வழக்கமாக எழுதுகிற இங்கிலிஷ் எழுத்தில் அடித்தால் 13 அடி. பாமினியில் 12: கொம்பு, க, கால், ச, புள்ளி, ச, விசிறி, க, புள்ளி, க, ஐகாரத்தின் கொம்பு, ட. தமிழ்99இல் 9தான்: க, ஒ, ச, ச, இ, க, க, ட, ஐ. ஒரே எழுத்தை இரண்டு தரம் அடித்தால் முதலாவதன் தலையில் அதுவே புள்ளி வைத்துவிடும். அம்மா என்ற சொல்லுக்கு நாலே அடி.

தமிழ்99 பற்றித் தெரியாதவர்களுக்கு: 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி உருவாகி, அதே வருடம் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை. உயிர் எல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. ரைப்ரைட்டரின் துண்டு உருவங்களை விட்டுவிட்டு, உயிரும் மெய்யும் சேர்ந்தால் உயிர்மெய் என்று நாங்கள் நாலாம் வகுப்பில் படித்த இலக்கணத்தையே விசையாக்கியது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நாங்கள் சொல்வது இதைத்தான், இரண்டு கிழமையில் கை பழகிவிடும். வீட்டில் பாமினி தெரிந்த அம்மாவோ அக்காவோ இருந்தால் மட்டும் வேறு கதை. அவரிடம் பாமினியையே படியுங்கள். அடுக்கு பழசுதான். ஆனால் பக்கத்தில் இருந்து சொல்லித் தர ஆள் இருக்கிற அடுக்குக்கு ஈடு இல்லை. குழுவுக்குள் இதில் இன்னும் சண்டை ஓயவில்லை. தமிழ்99 கட்சிக்காரர் இந்தப் பந்தியை வெட்டச் சொன்னார்கள், வெட்டவில்லை.

இப்ப முதல் கேள்விக்கு வரலாம். தமிழ் விரலுக்கு எந்த சுவிட்ச்? இங்கிலிஷ் விமர்சகர்கள் யாரும் சொல்லாத ஒரு விடயம், தமிழில் சில விசைகள் படுகிற அடி மற்றவற்றைவிடப் பல மடங்கு. பாமினிக்காரருக்கு அந்த அடி விழுவது அரைப்புள்ளியில், அதாவது வலது கையின் சின்ன விரலில். எந்த வசனத்தை வேண்டுமானாலும் எடுத்துப் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். முத்தையாவின் காலத்தில் இருந்து தமிழின் அதிகப் பாரத்தைச் சுமப்பது புள்ளிதான், அதை அடிப்பதோ கையிலேயே பலம் குறைந்த விரல். தமிழ்99இல் புள்ளி இடது சுட்டுவிரலுக்குப் போய்விட்டது, அதுவும் பாதி நேரம் தானாகவே விழுகிறது. ஆனால் அங்கே மெய்யில் பெரும்பகுதியை வலது கை தாங்குகிறது.

ஆகவே எங்கட தீர்ப்பு இப்படி. வாங்குவதென்றால் ஹொட்ஸ்வாப் பலகை வாங்குங்கள், அதாவது ஈயம் வைத்து ஒட்டாமல் சுவிட்சைக் கழற்றிப் பூட்டக்கூடியது. மற்ற விசைகளுக்கு எது விருப்பமோ அது. அரைப்புள்ளிக்கு அடியில் மட்டும் பாரம் குறைந்த ஒரு சுவிட்ச் போடுங்கள். சிவப்பு 45 கிராம் அளவில் இறங்கும், அதைவிட லேசானவையும் இருக்கின்றன. பாமினி அடிக்கிற எங்கட ஆள் 35 கிராம் ஒன்றைப் பூட்டியிருக்கிறார், மாலையில் சின்ன விரல் நோவு இல்லை என்கிறார். நீலம் அடிக்க நல்லாத்தான் இருக்கும், ஆனால் கொட்டாஞ்சேனை வீடுகளின் சுவர் மெல்லியது, பக்கத்து அறையில் தம்பி ஏலெவல் படிப்பான். ஷிப்ட் விசையையும் கவனியுங்கள். கு, து, மு எல்லாம் பாமினியில் ஷிப்டோடுதான் வருகின்றன, ஆகவே தமிழ் அடிக்கிறவர் ஷிப்டைத் தொடாமல் ஒரு வரி தாண்டுவது கஷ்டம். நீள விசைகளின் இரண்டு பக்கமும் இருக்கிற ஸ்டெபிலைசர் கிலுகிலுக்கிறதா என்று கடையிலேயே தட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். யூனிட்டி பிளாசாவில் தட்டிப் பார்க்க விடுவார்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பெட்டியைத் திறக்கவே முகம் சுளிப்பார்கள், ஆனால் விலை குறைய.

பராமரிப்புக்கு அக்காவின் காலத்துப் பாடம் ஒன்று இன்றைக்கும் செல்லும். ரைப்ரைட்டரில் எண்ணெய் உருளை ஓடுகிற தண்டவாளத்துக்கு மட்டும்தான். எழுத்துக் கம்பிகள் இருக்கிற பகுதிக்கு எண்ணெய் விட்டால் தூசி ஒட்டிக் களியாகி, கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கும். சுவிட்சும் அப்படித்தான். சிவப்பு மாதிரி வழுக்குகிற சுவிட்சுக்கு மெல்லிசாகக் கிரீஸ் பூசலாம். சொடுக்குகிற நீலத்துக்குப் பூசினால் சொடுக்கே செத்துவிடும். ரைப்ரைட்டர் எழுத்தச்சுகளைக் கிழமைக்கு ஒரு தரம் தூரிகையால் துடைப்பார்களாம், ழவின் வயிற்றுக்குள்ளும் ணவின் சுழிக்குள்ளும் மை அடைத்துக்கொள்ளும், குண்டூசியால் நோண்டி எடுப்பார்களாம். எங்களுக்கு அடைப்பது மை இல்லை, மாலு பாண் துகள்.

கொச்சிக்கடை துறைமுகத்துக்குப் பக்கம், வெள்ளவத்தை கடலுக்குப் பக்கம். இரண்டு இடத்திலும் காற்றில் உப்பு இருக்கிறது. யன்னலோரம் மேசை வைத்தால் ஸ்டெபிலைசர் கம்பியில் துரு ஏறும், சுவிட்சின் செப்புக் கால் கறுக்கும். மேசையை உள்ளுக்கு இழுங்கள். அடிக்காத நேரம் ஒரு துணியால் மூடி வையுங்கள், ரைப்ரைட்டருக்கு உறை போடுகிறது சும்மா ஒரு பழக்கத்துக்கு இல்லை. மாதம் ஒரு தரம் விசை மூடிகளைக் கழற்றி, இளஞ்சூட்டு நீரில் கொஞ்சம் சவர்க்காரம் போட்டு ஊற விட்டுக் கழுவலாம். ஒரு முழு நாள் காயவேண்டும், வெயிலில் வேண்டாம், மின்விசிறிக்குக் கீழே. கழற்ற முதல் போனில் ஒரு படம் எடுங்கள். பலகையில் தண்ணீர் படக்கூடாது, பெயின்ட் தூரிகையால் தட்டித் துடைத்தால் போதும்.

பிளேன்ரீ கொட்டினால் உடனே வயரைப் பிடுங்கி, பலகையைக் கவிழ்த்து வையுங்கள். வெறும் தேத்தண்ணியைவிட அதில் இருக்கிற சீனிதான் எதிரி. காய்ந்தால் சுவிட்ச் எழும்பி வராது. ஹொட்ஸ்வாப் என்றால் நனைந்த சுவிட்சுகளை மட்டும் கழற்றி ஐசோபுரொப்பைல் அல்ககோலில் கழுவிக் காயவைக்கலாம். திரும்பப் பூட்டும்போது கால் வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். வளைந்த காலோடு அமத்தினால் அடியில் இருக்கிற சொக்கெட் பெயர்ந்துவிடும், அதைத் திருத்த ஈயம் வைக்கத் தெரிந்தவர் வேண்டும்.

விசை மூடி இரண்டு வகை பிளாஸ்டிக்கில் வருகிறது. ஏபிஎஸ் கொஞ்ச நாளில் விரல் எண்ணெய்க்கு மினுங்கத் தொடங்கும். பிபிடி கூடக் காலம் சொரசொரப்பாக இருக்கும், விலையும் கூட. மினுங்குகிற வரிசையைப் பார்த்தே ஆள் எந்த மொழி அடிக்கிறார் என்று சொல்லிவிடலாம். இங்கிலிஷ் அடிக்கிறவரின் பலகையில் முதலில் தேய்வது ஈயும் ஸ்பேசும். அக்காவின் கடையில் இருப்பது மலிவான ரப்பர் கீபோர்ட்தான். அதில் எப், கே, அரைப்புள்ளி மூன்றிலும் எழுத்து சுத்தமாக அழிந்து கண்ணாடி மாதிரி இருக்கிறது. க, ம, புள்ளி. அடுத்த மாதம் முதல் சனிக்கிழமைகளில் கடை பூட்டின பிறகு ஒரு மணித்தியாலம் எங்களில் நாலு பேருக்குப் பாமினி சொல்லித் தர ஒத்துக்கொண்டிருக்கிறார். ஒரு நிபந்தனை போட்டார்: நீலச் சுவிட்ச் கீபோர்டை யாரும் கொண்டுவரக்கூடாது.